ரப்பர் தோட்டம் தலைநகர் ஆன கதை: புத்ராஜெயாவில் வெளியேறிய தமிழர்களும் பண்ருட்டிக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டமும்

மலேசியா டூர் பேக்கேஜ் எடுத்தவர்கள் எல்லோர் போனிலும் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். பெரிய ஏரி, கரையில் ரோஸ் கலர் மசூதி, பக்கத்தில் பச்சை குவிமாடம் வைத்த பிரதமர் அலுவலகம். அதுதான் புத்ராஜெயா, மலேசியாவின் நிர்வாகத் தலைநகர். சாலைகள் அகலம், குப்பை இல்லை, போஸ்டர் இல்லை. கைடு 'இது முழுக்க முழுக்க பிளான் பண்ணிக் கட்டின சிட்டி' என்பார். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதை பெரும்பாலான கைடுகள் சொல்வதில்லை.

ரப்பர் இருந்தது. அப்புறம் செம்பனையும் வந்தது. பால் மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய லயங்கள், மாரியம்மன் கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள் இருந்தன.

சரி, அதுக்கும் நமக்கும் என்ன? ரெண்டு காரணம். தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய மக்களில் கணிசமானோர் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்கள். அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம் பக்கம். இரண்டாவது காரணம்: ஒரு தோட்டம் விற்கப்படும்போது, அங்கே வேலை பார்த்தவர் யார் கணக்கில் வருவார் என்ற கேள்வி, முந்திரித் தோப்புகள் ஒவ்வொன்றாக லே-அவுட் ஆகிக்கொண்டிருக்கும் பண்ருட்டியிலும் இருக்கிறது. இதற்கு மலேசியச் சட்டம் ஒரு பதில் சொல்கிறது, இந்தியச் சட்டம் வேறு பதில் சொல்கிறது. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

'பெரும் போர்' என்று பெயர் வைத்த தோட்டம்

அந்த இடத்தின் பழைய பெயர் பிராங் பெசார். மலாயில் 'பெராங் பெசார்' என்றால் பெரும் போர். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் சேர்ந்து தொடங்கிய தோட்டம் என்பதால் இந்தப் பெயர். 1921-ல் 800 ஏக்கராக இருந்தது, பிறகு சுற்றியிருந்த தோட்டங்களையும் சேர்த்து 8,000 ஏக்கர் வரை வளர்ந்தது.

ரப்பர் உலகத்தில் இது சாதாரணத் தோட்டம் இல்லை. அதிகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி, புது ரகங்களை உருவாக்கிய ஆராய்ச்சி மையமும் இதுதான். பிபி 86 என்ற ரகத்தின் பெயரை கன்னியாகுமரி, கேரளா ரப்பர்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், வயசானவர்களுக்கு உடனே தெரியும். இந்தியாவின் சொந்த ரகமான ஆர்ஆர்ஐஐ 105 வந்து பிடித்துக்கொள்வதற்கு முன்னால் இங்கே நட்ட முக்கிய ரகங்களில் அதுவும் ஒன்று. இலங்கையிலும் பெரிய பரப்பில் நட்டார்கள். அந்த 'பிபி' என்பது பிராங் பெசாரின் முதல் எழுத்துகள். தோட்டம் இப்போது இல்லை, பெயர் மட்டும் மரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மரம் சீவ ஆள் வேண்டுமே? கங்காணி முறையில் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். கங்காணி யாரோ வெளியாள் இல்லை. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் உறவுக்காரர். 'அண்ணே, வாங்க, நல்ல வேலை இருக்கு' என்று அழைத்துக்கொண்டு போய், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏற்றிவிடுவார். 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரைக்கும் இது நடந்தது. அப்படிப் போனவர்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைதான் 1990-களில் புத்ராஜெயா திட்டம் வந்தபோது அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தது.

தோட்டத்தில் வாழ்க்கை எப்படி என்றால், எல்லாமே கம்பெனி. வீடு கம்பெனி, தண்ணீர் கம்பெனி, ஆஸ்பத்திரி கம்பெனி, பள்ளிக்கூடம் இருப்பதும் கம்பெனி நிலத்தில். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டில் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போவார்கள். வாடகை கிடையாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வாடகை இல்லாத வீட்டுக்கு வாடகை ரசீதும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. வேலை இருக்கும் வரை வீடு. அவ்வளவுதான். இந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாத்தையும் தீர்மானித்தது.

நகரம் வருது

கோலாலம்பூரில் டிராஃபிக்கும் நெரிசலும் தாங்கவில்லை, அரசு அலுவலகங்களை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற யோசனை மகாதீர் முகமது பிரதமராக இருந்த 1980-களின் கடைசியில் வந்தது. இரண்டு இடங்களைப் பார்த்தார்கள். ஒன்று பகாங் மாநிலத்தில் ஜண்டா பாய்க், இன்னொன்று பிராங் பெசார். கோலாலம்பூருக்கும் புது விமான நிலையத்துக்கும் நடுவில் இருந்ததால் பிராங் பெசார் ஜெயித்தது. ஆனால் தலைநகருக்கு 'பெரும் போர்' என்று பெயர் வைக்க முடியுமா? முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரிலிருந்து 'புத்ரா' வந்தது. 'ஜெயா' என்றால் வெற்றி, நம்ம ஜெயம்தான்.

ஃபெடரல் அரசு சிலாங்கூர் மாநில அரசிடம் பெரும் தொகை கொடுத்து சுமார் 11,320 ஏக்கர் நிலத்தை எடுத்தது. 1995 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. 1999-ல் பிரதமர் அலுவலக ஊழியர்கள் முதலில் மாறினார்கள். 2001 பிப்ரவரி 1 முதல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசம், நம்ம ஊர் யூனியன் பிரதேசம் மாதிரி.

திட்டமிடலைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. மொத்தம் 20 பிரிசிங்ட், அதில் மையப் பகுதிக்கு 5. சுமார் 38 சதவீதம் பசுமைக்கு. சுவாவ் ஆற்றைத் தடுத்து 650 ஹெக்டேரில் செயற்கை ஏரி. ஏரிக்கு வரும் தண்ணீரைச் சுத்தம் செய்ய நாணலும் கோரையும் நட்ட 24 சதுப்பு நில அறைகள். கூவத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். (சறுக்கலும் உண்டு. மோனோரயில் வேலை 2004-ல் பாதியில் நின்றது, அதற்காகக் கட்டிய பாலம் ரயில் இல்லாமல் சும்மா நிற்கிறது.)

அப்போ தோட்டத்துக்காரர்கள்?

பெராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய 400 குடும்பங்கள் வெளியேற வேண்டி வந்தது. 1990-களின் இறுதியில் அவர்களைப் பக்கத்து ஊரான டெங்கிலில், 'தாமான் பெர்மாத்தா' என்ற குறைந்த விலை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். தரைவீடு கிடைக்கும் என்பதுதான் தங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி, ஃபிளாட் என்பது தற்காலிகம் என்று குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். தற்காலிகம் 20 வருஷத்தைத் தாண்டியது. சுவரில் விரிசல், கட்டடத்தின் பாதுகாப்பு பற்றிய புகார் என்று தாமான் பெர்மாத்தா மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் பெயர் ஆகிவிட்டது. தேர்தல் வரும், தலைவர்கள் வருவார்கள், வாக்குறுதி புதுப்பிக்கப்படும். 2020-களில்தான் ஃபெடரல் அரசு நிதி ஒதுக்கி, தரைவீடு கட்டும் திட்டத்தை அறிவித்தது.

ஃபிளாட்டுக்கும் தரைவீட்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று சென்னையில் ஓஎம்ஆரில் ஃபிளாட் தேடும் தலைமுறைக்குத் தோன்றலாம். தோட்டத்து வீட்டைச் சுற்றி நாலு முருங்கை, வாழை, கோழி, சில பேருக்கு மாடு. சம்பளம் பத்தாத மாசத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியது அதுதான். நாலாவது மாடியில் கோழி வளர்க்க முடியாது. கல்யாணம், சாவு எல்லாம் வாசலில் பந்தல் போட்டுச் செய்தவர்களுக்கு வாசலே இல்லை. வருமானம் குறைவதும் இடம் குறைவதும் ஒரே நாளில் நடந்தது.

புவியியலாளர் டிம் பன்னல், மலேசியாவின் 'மல்டிமீடியா சூப்பர் காரிடார்' பற்றி 2004-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மக்களையும் எழுதியிருக்கிறார். அறிவுசார் நகரம் கட்ட மரத்தோடு ஆட்களையும் அப்புறப்படுத்திய இடம் என்ற வகையில் கல்வி உலகத்தில் இது தெரிந்த கேஸ்தான். டூரிஸ்ட் கையேட்டில்தான் இல்லை.

ஏன் அவர்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை?

இங்கேதான் சட்டம் வருது. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மலேசியாவின் நில எடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அரசு நிலம் எடுத்தால் யாருக்கெல்லாம் இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது என்று அது வரையறுக்கிறது. அதே வரையறையில் ஒரு விலக்கும் இருக்கிறது: உரிமையாளர் விருப்பம் உள்ள வரை மட்டும் குடியிருப்பவர் அதில் சேர மாட்டார். 'போ' என்று சொன்னால் போக வேண்டிய நிலையில் இருப்பவர் என்று அர்த்தம். ஒப்பந்தம் இல்லாமல், வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீட்டில் இருந்தவரின் நிலைமை இதைவிட பலமானது இல்லை. நாலு தலைமுறை இருந்தாலும் சரி, நாலு மாசம் இருந்தாலும் சரி, காகிதத்தில் ஒன்றுதான்.

அப்போ கையில் கிடைப்பது என்ன? வேலை போனதற்கான தொகை மட்டும். 1980-ம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிகளின்படி, 2 வருஷத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருஷம் வரை 15 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 30 வருஷம் பால் மரம் சீவியவருக்கு 600 நாள் சம்பளம். ரெண்டு வருஷக் கூலிகூட வராது. அதுவும் தோட்டத்து நாள்கூலி. நிலம் கைமாறிய பணத்தில் பங்கு பூஜ்ஜியம். வீடு கொடுத்தது சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல, அரசியல் அழுத்தத்தால். அரசியலால் கிடைத்தது அரசியல் வேகத்தில்தான் கிடைக்கும் என்பதை தாமான் பெர்மாத்தாக்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது புத்ராஜெயாவோடு முடிந்த கதையும் இல்லை. கோலாலம்பூர் பக்கத்து சுபாங் ஜெயா, 1970-களில் சீஃபீல்டு என்ற ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த டவுன்ஷிப். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் பிரச்சினை 2018 நவம்பரில் கலவரமாக வெடித்தது, உலகம் முழுக்க செய்தியானது. தோட்டங்களைத் துண்டு போட்டு வீட்டுமனையும் டவுன்ஷிப்பும் ஆக்கியதில் 1980-க்கும் 2000-க்கும் இடையே 3 லட்சம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூரை உலுக்கிய ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பின்னால் இருந்த கோபத்தில் இதுவும் ஒரு பங்கு.

வேறு வழி இருந்ததா? ஒன்று இருந்தது. மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் 'மாசம் 10 வெள்ளி போடுங்க, நாமே வாங்கலாம்' என்றார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். கூலி வாங்கியவர்களே பங்குதாரர் ஆனார்கள். எல்லாத் தோட்டத்தையும் வாங்க அந்த 10 வெள்ளி போதவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் பேச்சு என்பதை அந்த மனிதர் 1960-லேயே சரியாகப் பிடித்துவிட்டார்.

நம்ம பக்கம் வருவோம்

பண்ருட்டிக்காரர்களுக்கு பிளான் பண்ணிக் கட்டின ஊர் என்றால் நெய்வேலி. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1956-ல் என்எல்சி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கூடவே பிளாக் பிளாக்காக டவுன்ஷிப். இன்னிக்கும் அந்தச் சாலைகளில் போனால், நகரம் இப்படித்தான் இருக்கணும் என்று தோன்றும், அந்த நிழல் வேறெங்கே இருக்கு?

நெய்வேலியின் சண்டை வேறு மாதிரி. அங்கே முன்னால் நிற்பவர் நிலம் கொடுத்தவர்: 'பட்டா என் பெயரில் இருந்தது, இழப்பீடு பத்தாது, வீட்டுக்கு ஒருத்தருக்கு நிரந்தர வேலை எங்கே' என்று கேட்பவர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கிய வீடியோ ஞாபகம் இருக்கும். பல வருஷம் முன்பே எடுத்த நிலம் என்றது நிறுவனம், பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றது ஊர். சென்னை உயர் நீதிமன்றம் பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த வயலில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், அறுக்கக் காத்திருந்தவர் யார் என்று எந்த டிவி விவாதத்திலும் பெரிசா பேசவில்லை. பட்டா இல்லாதவர் நம்ம விவாதங்களிலும் காணாமல் போகிறார்.

ஆனால் நம்ம சட்டத்தில் காணாமல் போகவில்லை. 2014 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த நில எடுப்பு, மறுவாழ்வுச் சட்டம் 2013, 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்குள் நிலமே இல்லாதவர்களையும் சேர்க்கிறது. விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் யாராக இருந்தாலும், நிலம் எடுப்பதற்கு முன் 3 வருஷம் அங்கே இருந்து பிழைத்திருந்தால், பிழைப்பு பாதிக்கப்பட்டால், அவரும் கணக்கில் உண்டு. பிராங் பெசார் தொழிலாளிக்கு இந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் அரசியல்வாதிக்காகக் காத்திருந்திருக்க வேண்டாம்.

என்ன கிடைக்கும்? சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி வீடு இழந்தால் கட்டிய வீடு. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப் போக 50,000, மறுகுடியமர்வுக்கு ஒருமுறை 50,000. இதற்கு மேல், வேலை அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் அல்லது மாதம் 2,000 வீதம் 20 வருஷம் என்ற மூன்றில் ஒன்று. 2013-ல் போட்ட தொகைகள் இவை, இன்றைக்குப் பெரிய தொகை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

இதில் ரெண்டு ஓட்டை இருக்கு. முதல் ஓட்டை தமிழ்நாட்டுக்கே உரியது. தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997 என்று மாநிலத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சிப்காட் மாதிரித் திட்டங்கள் இந்த வழியில் போகும். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீடும் மறுவாழ்வு அட்டவணையும் இந்த வழியிலும் உண்டு. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. பட்டா இல்லாதவர்களை ஊருக்குள் வந்து தேடி எண்ணுவது அந்த மதிப்பீட்டில்தான். அது இல்லையென்றால் எண்ணிக்கை ரெவென்யூ ரெக்கார்டில் இருக்கும் பெயர்களோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது ஓட்டை பண்ருட்டிக்கு நேரடியாகப் பொருந்தும். மேலே சொன்னதெல்லாம் அரசு நிலம் எடுத்தால்தான். தோப்புக்காரர் தன் முந்திரித் தோப்பை ரியல் எஸ்டேட் புரோமோட்டருக்குக் கிரயம் செய்தால்? அது ரெண்டு பேருக்கு நடுவில் நடக்கும் சாதாரண விற்பனை. தனியார் மிகப் பெரிய பரப்பை வாங்கினால் மறுவாழ்வு தர வேண்டும் என்று சட்டத்தில் இடம் இருந்தாலும், பத்து இருபது ஏக்கர் லே-அவுட்டுக்கு அது வராது. கொட்டை பொறுக்கியவர், தோப்புக் காவலுக்குக் கொட்டகை போட்டுக் குடியிருந்தவர் யாருக்கும் ஒரு ரூபாய் பாத்தியதை இல்லை. கொடி நட்டு, கல் போட்டு, 'டிடிசிபி அப்ரூவ்டு' போர்டு மாட்டினால் முடிந்தது. மனை வாங்குபவருக்கு ரெரா இருக்கிறது. மனையாவதற்கு முன் அங்கே பிழைத்தவருக்கு எதுவும் இல்லை. பிராங் பெசாரின் சின்ன சைஸ் பதிப்பு.

வேலையோடு வீடும் போவதை நேரில் பார்க்கணும்னா திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை, குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் தேயிலைக் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களைக் கிளப்பத் தொடங்கியது. நாலு தலைமுறையாக இருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கேயும் வீடு கம்பெனியுடையது, மலை காட்டுக்குரியது, பட்டா யாருக்கும் இல்லை. அரசு எஸ்டேட்டை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, பேச்சு மறுவாழ்வு உதவிகளில் வந்து நின்றது.

உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ யாராவது தோப்பிலோ வயலிலோ பட்டா இல்லாமல் குடியிருந்து பிழைக்கிறார்களா? அந்த முகவரியில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நூறுநாள் வேலை அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று இவற்றில் எது இருக்கு என்று இப்பவே பாருங்க. அரசு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால் அந்த 3 வருஷக் கணக்கை நிரூபிக்கப் போவது இந்தக் காகிதங்கள்தான், அறிவிப்பு வந்த பிறகு எடுக்கும் அட்டைக்கு மதிப்பு கம்மி. அறிவிப்பு வந்ததும் அது 2013 சட்டத்தின் கீழா, 1997 மாநிலச் சட்டத்தின் கீழா என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கணும். கிராம சபையில் வாயால் சொன்னது போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் கணக்கு.